7 வயதுப் பிள்ளையிடம் கடன் தொகையைச் சொல்லலாமா? (கோபப்படாமல் பதில் எழுதவும்)

பாரூர்க்காரன்:
போன வாரம் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓசூர் ஷிப்ட் தம்பி ஒரு விஷயம் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. மகள் சைக்கிள் கேட்டாளாம். இவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊரில் போர்வெல் போட்ட வகையில் அப்பாவுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் கடன் என்று நோட்டில் எழுதியே காட்டினாராம். பிள்ளைக்கு வயது 7. கூடவே, பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நமக்கு அறிவுரை வேறு. கடன் இருக்கிறது என்று சொல்வது வேறு, தொகையைச் சொல்வது வேறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. தொகையை ஏன் சொன்னீர்கள்? நாளைக்கு அந்தப் பிள்ளை மளிகைக் கடையில் போய் ஒப்பித்தால் யார் மானம் போகும்?

ஓசூர் ஷிப்ட்:
என் மானம்தான் போகும் அண்ணா, உங்களுக்கு ஏன் கவலை? முதலில் நானும் காசு இல்லை என்றுதான் சொன்னேன். ‘புது போன் வாங்கினீங்களே’ என்றாள். பழைய போன் கம்பெனியில் கீழே விழுந்து உடைந்துபோனது அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா பொய் சொல்கிறார் என்று அவள் நினைப்பதைவிட நோட்டைக் காட்டுவது மேல் என்று பட்டது. காட்டினேன்.

பாரூர்க்காரன்:
‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அப்பா வருஷக்கணக்கில் அப்படித்தான் சொன்னார். நான் கெட்டா போனேன்?

தொப்பூர் கணவாய்:
சைக்கிள் வந்ததா அண்ணா?

பாரூர்க்காரன்:
அது இங்கே பேச்சில்லை.

பென்னாகரம் டீச்சர்:
வெளிப்படையாகப் பேசுவது என்றால் என்ன என்று இரண்டு பேரும் முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே. மனசில் இருப்பதை எல்லாம் பிள்ளை தலையில் கொட்டுவதா, கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்வதா? இரண்டும் ஒன்றில்லை.

பாரூர்க்காரன்:
டீச்சர், விளக்கம் எல்லாம் அப்புறம். தொகை. அதற்கு வாருங்கள்.

பென்னாகரம் டீச்சர்:
வருகிறேன். என் வகுப்பில் ஒரு பையன் சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வான். பல்லில் பழுப்புக் கறை. வீட்டில் ‘ஒழுங்காகத் தேய்க்கவில்லை’ என்று திட்டி, அவன் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து ஈறு எல்லாம் புண். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் கறை பல்லுக்குள்ளேயே பதிந்துவிடும். மேலே எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இதை அவனிடம் படம் வரைந்து சொன்னேன். ‘அப்ப என் தப்பு இல்லையா டீச்சர்’ என்றான். ஒகேனக்கல் பக்கத்திலேயே இருந்துகொண்டு, கூட்டுக் குடிநீர் வராத நாளில் இன்னும் போர் தண்ணீர் பிடிக்கிறோம். அந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் சொல்ல மட்டும் நமக்கு வாய் வரவில்லை.

பாரூர்க்காரன்:
நல்ல விஷயம். ஆனால் பல்லுக்கும் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் என்ன சம்பந்தம்? பல் கறை ஊருக்கே தெரியும். கடன் தொகை தெரியுமா?

அரூர் அக்கா:
எனக்கு 16 வயதில் கல்யாணம் என்பது பத்திரிகை அடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு மாதமாக எல்லாரும் பேசியிருக்கிறார்கள், நான் வந்தால் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். ‘குழந்தைக்கு எதற்கு’ என்றார்களாம். கல்யாணத்துக்குப் பெரியவள், சொல்வதற்குக் குழந்தை. இப்போது என் மகளுக்கு 10 வயது. 18 முடியாமல் கல்யாணம் பண்ணினால் 2006ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், நானே எடுத்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பாரூர்க்காரன்:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மாமியார் செய்வது தப்பு. ஆனாலும் நீங்கள் சொல்வது வயது, நான் கேட்பது தொகை.

தொப்பூர் கணவாய்:
இவரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் தொகை என்றுதான் சொல்வார் போல. என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். எட்டாவது படிக்கும் மகள், ‘நம்ம ஊரில் பொம்பளைப் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடுவார்களா அப்பா’ என்று கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், களி தொண்டையில் நின்றுவிட்டது. ஆமாம், நடந்தது என்றேன். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 2001இல் நம் தர்மபுரிக்கும் வந்தது, பிள்ளையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கமே சொல்ல வேண்டியிருந்தது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘நான் பிறந்தப்ப பாட்டி என்ன சொன்னாங்க’ என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

பாரூர்க்காரன்:
அது தர்மபுரி விவகாரம். எங்கள் கிருஷ்ணகிரியை அதில் இழுக்காதீர்கள்.

தொப்பூர் கணவாய்:
2004 பிப்ரவரி வரைக்கும் நீங்களும் தர்மபுரிதான் அண்ணா. பங்கு பிரித்ததும் நல்லது எல்லாம் உங்களுக்கு, கெட்டது எல்லாம் எங்களுக்கா?

பாரூர்க்காரன்:
அப்படிப் பார்த்தால் 1965 வரைக்கும் எல்லாரும் சேலம். போய் சேலத்துக்காரனைக் கேளுங்கள்.

காவேரிப்பட்டணம் மாமா:
பாரூர்க்காரரே, உண்மை, மறைப்பு என்றெல்லாம் பெரிதாகப் பேசுகிறீர்கள். போன சீசனில் பெங்களூரா மாங்காய் விலை ஏறும், காயைப் பறிக்காதீர்கள் என்று இங்கே எழுதியது யார்? உங்களை நம்பி மரத்திலேயே விட்டேன். பாதி பழுத்து விழுந்துவிட்டது. மீதியைக் கூழ் பேக்டரி வாசலில் ஒன்றரை நாள் வண்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மட்டும் உங்கள் காயை முன்னாடியே போட்டுவிட்டதை ஏன் சொல்லவில்லை?

பாரூர்க்காரன்:
மாங்காய்ப் பேச்சுக்கு வேறு இடம் இருக்கிறது. என் காய் அடிபட்ட காய், அதனால் போட்டேன். இதை நாலு தடவை சொல்லிவிட்டேன்.

காவேரிப்பட்டணம் மாமா:
எத்தனை ரூபாய்க்குப் போட்டீர்கள் என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஓ, தொகையைச் சொல்லக் கூடாதோ!

ஓசூர் ஷிப்ட்:
மாமா, இன்றைக்கு டீ என் கணக்கு.

பாரூர்க்காரன்:
சிரியுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு வீட்டுக் கடன் எல்லாம் தெரியும். ஸ்கூலில் டூருக்குப் பேர் கொடுக்கச் சொன்னால், தானே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாள். அவள் அம்மா அதைப் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. 9 வயதில் பிள்ளை ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்? அது நம் வேலை.

பென்னாகரம் டீச்சர்:
இதில் நியாயம் இருக்கிறது. இதைத்தான் முதலிலேயே கேட்டேன், எது வரைக்கும் சொல்வது என்று.

பாரூர்க்காரன்:
அப்படியானால் தொகையைச் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பென்னாகரம் டீச்சர்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அரூர் அக்கா:
பாரூர் அண்ணா, ஒன்று கேட்கிறேன். குழு லோன் வசூலுக்கு ஆள் வந்தால் உங்கள் பக்கம் வாசலில் யார் நிற்பார்கள்? எங்கள் தெருவில் பிள்ளைகள்தான். ‘அம்மா ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லச் சொல்லி உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கிறோம். தொகையை மறைக்கிறோம் சரி, பொய் சொல்வதற்கு மட்டும் 7 வயது போதுமா?

பாரூர்க்காரன்:
எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

அரூர் அக்கா:
உங்கள் வீடு என்று நான் சொல்லவில்லையே.

பாரூர்க்காரன்:
பேச்சைத் திருப்புகிறீர்கள். பல், கல்யாணம், தொட்டில், மாங்காய் என்று எல்லாம் வந்துவிட்டது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

ஓசூர் ஷிப்ட்:
நைட் ஷிப்ட் முடித்து இப்போதுதான் வந்தேன். பதில் வேண்டுமா? கடன் இப்போது 2 லட்சத்து 31 ஆயிரம். மாசா மாசம் நான் கட்டியதும் அவளே அந்த நோட்டில் கழித்து எழுதுகிறாள். போன மாசம் கழித்தலில் தப்பு விட்டாள், திருத்திக் கொடுத்தேன். சைக்கிளை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பாரூர்க்காரன்:
பாருங்கள், மறுபடியும் தொகை! இப்போது எங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

காவேரிப்பட்டணம் மாமா:
கிலோ எத்தனை ரூபாய்க்குப் போட்டீர்கள்?

பாரூர்க்காரன்:
மளிகைக் கடையில் அந்தப் பிள்ளை சொன்னாளா இல்லையா? அதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள் முதலில்.