மலைநகரத்தில் இரண்டு இரவுகள்: எங்கே தங்குவது, எப்போது சுற்றிப் பார்ப்பது?

மலையருவி (கேள்வி):
வணக்கம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மலைநகரத்துக்கு அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் செல்லவிருக்கிறேன். சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய எனக்கு மலைப்பாதை புதிது. எழுபது வயதாகும் அம்மாவுக்கு வளைவுகள் தொடங்கினாலே குமட்டும். போன ஆண்டு நண்பர்களுடன் வேறொரு மலைக்குச் சென்றபோது, பிற்பகல் மூன்று மணிக்குக் காட்சிமுனையை அடைந்து, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெறும் வெண்மையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இம்முறை அப்படி நேரக் கூடாது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு விடுதியும், சரிவில் சற்று மேலே இன்னொரு விடுதியும் மனத்தில் உள்ளன. எதில் தங்கலாம்?

கோடைமுகில்:
மூன்று மணிக்குப் போனதுதான் தவறு. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலெழுகிறது. எழும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரள்கிறது. ஆகவே, காலையில் துல்லியமாகத் தெரிந்த சிகரம் மதியத்துக்குள் மறைந்துவிடுவது மலைகளில் வழக்கமான நிகழ்ச்சி. விடிவதற்கு அரைமணி நேரம் முன்பே காட்சிமுனையில் இருங்கள்; பத்து மணிக்குப் பிறகு கிடைப்பதை உபரியாகக் கொள்ளுங்கள். பிற்பகலைத் தோட்டத்துக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்கிவிடலாம். விடுதியைப் பொறுத்தவரை, ஏரிக்கரையே அழகு.

பாறைமேடு:
நேரத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. விடுதி விஷயத்தில் உடன்பட முடியவில்லை. தெளிந்த வானமும் காற்றின்மையும் சேர்ந்த இரவில், குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் உறைபனியும் மூடுபனியும் முதலில் கவிவது தாழ்ந்த இடங்களில்தான்; நூறு மீட்டர் மேலே உள்ள வீடு கீழே உள்ளதைவிடக் கதகதப்பாக இருப்பதும் உண்டு. பள்ளத்தில் இருந்த ஒரு விடுதியில் நான் தங்கியபோது காலை ஒன்பது மணிவரை சன்னலுக்கு வெளியே எதுவும் புலப்படவில்லை. பொறுக்கமாட்டாமல் பின்புறப் படிக்கட்டில் ஏறினேன். எண்பதாவது படியில் தலை மட்டும் பனிக்கு மேலே வந்தது. அங்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது! மேலே உள்ள விடுதியில், கிழக்கு நோக்கிய அறையாகக் கேளுங்கள். ஆனால் சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படிகள் என்பதையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். மலைநகரங்களில் ‘முதல் தளம்’ என்பதற்குப் பொருள் இடத்துக்கு இடம் மாறும்.

வளைவுப்பாதை:
ஓட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏறுவது எளிது, இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ ஏறத்தாழ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். என் முதல் மலைப்பயணத்தில் பாதி இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. முன்னால் போகும் லாரியிலிருந்துதான் வருகிறது என்று இரண்டு வளைவுகள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நேர்ந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதலில் வழி விடுங்கள். வரைபடம் காட்டும் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாமல், இருட்டுவதற்குள் சேரும்படி புறப்படுங்கள்.

அம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்து, தொலைவில் உள்ள சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் முரண்படும்போதுதான் குமட்டுகிறது. கைப்பேசியைப் பார்த்தால் அது கூடும். மாத்திரை தருவதானால் மருத்துவரைக் கேட்டு, வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே தர வேண்டும்.

மலையருவி:
அனைவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம்: அந்த உயரத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறுமா?

பாறைமேடு:
2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு இருக்கும். படியேறும்போது இளைப்பது கூடலாம். ஆனால் உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி போன்றவை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டுகின்றன. சுமார் 3,500 மீட்டரில் உள்ள லே நகரத்துக்கு விமானத்தில் போய் இறங்குவோர் முதல் இரண்டு நாள் ஓய்வெடுப்பது இதற்காகவே. இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குளிரைக் கணக்கிட, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே காற்று சில்லென்று இருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் கூடுதலாகத் தாக்கும் என்பதால் தொப்பியை மறக்க வேண்டாம்.

கோடைமுகில்:
தைலம், ஷாம்பு பாட்டில்களைத் துணிப்பையிலிருந்து தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைவதால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மூடியைத் திறந்தவுடன் பீறிடும். ஏரிக்கரை விடுதியைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

மலையருவி:
மேலே உள்ள விடுதியில் பேசிவிட்டேன். அறைக்குப் பதினொரு படிகள், சன்னல் கிழக்குப் பக்கம். அம்மா இப்போதே, விடியலில் யார் எழுப்புவது என்று கேட்கிறார்.