மறு: ஆற்றுநீர்த் தரத்தில் 'வேரியன்ஸ்': விலக்கா, தளர்வா, தவணையா?

> நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு சிறு நூல் எழுதுகிறேன். ஆற்றுநீரின் தர அளவைக் கடுமையாக்கினால் ஒரு நகரம் என்ன பதில் சொல்லும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தை எடுத்துக்கொண்டேன். அந்த நகரம் 'வேரியன்ஸ்' (கடுமையான அளவை உடனே எட்டமுடியாதவருக்குச் சட்டம் தரும் இடம்) கேட்டது என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். 'விலக்கு' என்று போட்டுவிடட்டுமா அண்ணாச்சி?

போட்டுவிடாதீங்க, தம்பி. 'விலக்கு' ஏற்கெனவே திண்டாடிக்கொண்டிருக்கிற சொல். மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்டவேண்டாம். போதாக்குறைக்குப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியல் வேரியன்ஸுக்கு 'விலக்க வர்க்கச் சராசரி' என்று பெயர். உங்கள் நூலில் நீர் அளவீடுகள் வரும், அவற்றின் சராசரியும் வரும். அடுத்த பக்கத்தில் சட்டத்து 'விலக்கு' வந்தால் படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும்.

ஆனால் நான் மறுப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம், ஸ்போகேன் கேட்டது விலக்கே இல்லை என்பதுதான். இந்தக் கலைச்சொல் குழுவில் மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் ஆற்றின் கரையில் உள்ள நகரம் அது. 2020 கணக்கெடுப்பில் 2.29 இலட்சம் பேர். 2011-இல் நாகர்கோவிலில் 2.25 இலட்சம். அளவில் நம்ம ஊர்தான். சிக்கல், பிசிபி என்கிற குளோரின் சேர்ந்த வேதிப்பொருள். முன்பு மின்மாற்றி எண்ணெயில் கலந்தார்கள்; 1979-இல் அமெரிக்கா அதன் உற்பத்தியைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் அது எளிதில் சிதையாது. சேற்றில் தங்கி, மீன் கொழுப்பில் ஏறி, மீன் தின்கிறவர் உடம்புக்கு வரும். ஆற்றில் லிட்டருக்கு 170 பிக்கோகிராம் (ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்) வரை இருக்கலாம் என்றது மாநிலம். கூட்டரசின் சுற்றுச்சூழல் முகமை 2016-இல் அதை 7 ஆக்கியது. ஆட்சி மாறியபின் அந்த 7-ஐத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

170 எப்படி 7 ஆயிற்று என்பதை நூலில் கட்டாயம் எழுதுங்கள். யாரும் மனம்போன போக்கில் குறைக்கவில்லை. ஒருவர் நாளைக்கு 6.5 கிராம் மீன் தின்பார் என்பது பழைய கணக்கு. குளச்சலில் சொன்னால் பூனைகூடச் சிரிக்கும். ஆற்றங்கரைப் பழங்குடிகள் தின்கிற அளவையும் சேர்த்துப் பார்த்து அதை 175 கிராம் என்று மாற்றினார்கள். தின்கிற மீன் கூடினால் நீரில் இருக்கலாம் என்கிற நஞ்சு குறைந்தாகவேண்டும். கணக்கின் மற்ற உறுப்புகளும் மாறின, ஆனாலும் பெரிய இழுப்பு இங்கேதான். தர அளவு என்று தாளில் நிற்கிற எண்ணுக்குப் பின்னால் யாருடைய சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தாலே உங்கள் நூல் பாதி வேலையை முடித்துவிடும்.

நகரத்தின் பதிலும் வெறும் முரண்டு இல்லை. 7 பிக்கோகிராமை, சட்டம் ஒப்புக்கொண்ட ஆய்வுமுறையால் அளக்கவே முடியாது. அச்சு மைகளிலும் சாய நிறமிகளிலும் தற்செயலாக உண்டாகிற பிசிபி பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வரை இருக்கலாம் என்று இன்னொரு கூட்டரசுச் சட்டமே அனுமதிக்கிறது. ஆற்றுக்குச் சொன்ன அளவைப்போல ஏறக்குறைய 700 கோடி மடங்கு! கடையில் விற்க அனுமதித்த நஞ்சை எங்கள் சாக்கடைக் குழாய்முனையில் மட்டும் பிடிக்கச் சொன்னால் எப்படி என்று ஒரு நகரம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம் அதே நகரம் பெருஞ்செலவில் சவ்வு வடிகட்டியும் கட்டியது. முதல் நோக்கம் பாஸ்பரஸைக் குறைப்பது. பிசிபியும் அதோடு குறையும். இந்த நிலையில்தான் 2019-இல் நகரமும் அந்த ஆற்றில் கழிவுநீர் விடுகிற வேறு சிலரும் வேரியன்ஸ் கேட்டு மாநிலத்திடம் விண்ணப்பித்தார்கள்.

2015-இல் வந்த கூட்டரசு விதிப்படி அது இப்படி: ஆற்றுக்கு விதித்த அளவு ஏட்டில் அப்படியே நிற்கும். பெயர் குறித்த ஒரு வெளியேற்றுநர், அல்லது ஆற்றின் குறித்த ஒரு பகுதி, குறித்த ஒரு மாசுக்கு மட்டும், குறித்த காலத்துக்கு, அந்தக் காலத்தில் முடிந்த அளவு நல்ல நிலையை எட்டவேண்டும். என்ன செய்து எட்டப்போகிறோம் என்றும் எழுதித் தரவேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு.

கூட்டுறவு வங்கிக் கடனை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்றால் கணக்கு முடிந்தது. தவணை என்றால் அசல் அப்படியே நிற்கும், கட்டுகிற காலமும் தொகையும் மட்டும் பிரியும். ஸ்போகேன் கேட்டது இரண்டாவதைத்தான். ஆகவே என் பரிந்துரை: 'தரத்தவணை'.

> 'தளர்வு' போதாதா? கொரோனாவுக்குப்பின் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதே அதன் குறை. ஊரடங்குத் தளர்வு என்றபோது கட்டுப்பாடே அவிழ்ந்தது. அதுபோக, உண்மையான தளர்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதற்கு இந்தச் சொல் வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2015-இல் வரைவு போட்டது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30. நாகர்கோவிலுக்கும் 30. இதுதான் தளர்வு: எண்ணையே மாற்றினார்கள், அந்தத் தளர்வுக்கு முடிவுத்தேதி கிடையாது, யாரும் எதையும் எழுதித் தரவேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுபடி 10 என்று சொன்னது, பெருநகரத்துக்குச் சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றும் சொன்னது. எண்ணையே தளர்த்துவதற்கும், எண்ணை வைத்துக்கொண்டு காலம் கொடுப்பதற்கும் ஒரே சொல்லைப் புழங்கினால், முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள யாருக்கும் வசதியாகிவிடும்.

> அப்படியானால் 'வாய்தா' என்றே வைத்துவிடலாமே! எந்த மாநகராட்சிக்கும் உடனே விளங்கும்.

சிரித்தேன். ஆனால் கலைச்சொல் சட்டம் என்ன சொல்கிறதோ அதைக் குறிக்கட்டும். ஊர்கள் அதை எப்படிப் புழங்கப்போகின்றன என்பதைக் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம். 'அவகாசம்' போதாதா என்று கேட்ட நண்பருக்கும் இதே பதில்: அதில் காலம் மட்டும் இருக்கிறது, கடமை இல்லை.

> எங்களுக்குத் தவணை என்றால் பள்ளித் தவணை. முதலாம் தவணைப் பரீட்சை எழுதிய யாழ்ப்பாணத்துக்காரனுக்குத் 'தரத்தவணை' வேறு எதையோ நினைவூட்டும்.

நினைவூட்டட்டும். அங்கேயும் தொடக்கமும் முடிவும் உள்ள காலத்தைத்தானே அது சொல்கிறது? இந்தப் பக்கம் தடுப்பூசிக்கும் 'முதல் தவணை' என்றோம். கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: தவணை கேட்டது, தவணை பெற்றது, தவணை தவறியது. 'விலக்கு தவறியது' என்று யாராவது எழுத முடியுமா?

தம்பிக்கு இன்னும் இரண்டு. உங்கள் வரைவில் 'தரம்' என்ற ஒரே சொல் ஆற்றுக்கும் வருகிறது, குழாய்க்கும் வருகிறது. ஆற்றுக்கு இருப்பதை 'ஆற்றுநீர்த் தர அளவு' என்றும் குழாய்முனைக்கு இருப்பதை 'வெளியேற்ற வரம்பு' என்றும் பிரியுங்கள். குளிக்கத் தக்க ஆற்றில் பிஓடி 3-க்குமேல் போகக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. 2017 அறிவிக்கைப்படி குழாய்முனையில் 30 விடலாம். 30 எப்படி 3 ஆகும்? மேலிருந்து வரும் நீரில் அழுக்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பங்கு கழிவுநீருக்கு ஒன்பது பங்கு ஆற்றுநீர் வேண்டும். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் திறந்திருக்கும் மாதங்களில் பழையாற்றுக்கு அது கிடைக்கலாம். அணைகளை அடைத்தபின் பங்குனி, சித்திரையில் ஒழுகினசேரிப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போதாக்குறைக்கு அடுத்தடுத்துத் தடுப்பணைகள் உள்ள ஆறு அது; வந்தது போகாமல் தங்கும்.

இரண்டாவது, மாசுபட்ட ஆறுகளின் பட்டியலில் 'நம் தாமிரபரணி' என்று எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் வாரியம் குறித்த 351 ஆற்றுப்பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு ஆறு. அதில் தாமிரபரணி உண்டு. ஆனால் அது திருநெல்வேலிக்காரர்களுடையது. குழித்துறையில் ஓடுவது வேறு ஆறு. பெயர் ஒன்றாக இருப்பதால் நம் ஆற்றின்மேல் பழி வேண்டாம், நற்சான்றும் வேண்டாம்.

— — —

அண்ணாச்சி, பழையாறு கடலில் சேரும் மணக்குடியிலிருந்து எழுதுகிறேன்.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கல்குளம், விளவங்கோடு பக்கம் கடன்காரன் நாள் தள்ளிக் கேட்பதை 'அவதி கேட்கிறான்' என்பார்கள், மலையாளத்தோடு பங்கு போட்டுக்கொண்ட சொல். மேலே ஊர் அவதி வாங்கும், கீழே கழிமுகத்தில் நாங்கள் அவதிப்படுவோம். ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகிறதே!

விளையாட்டு இருக்கட்டும். என் கேள்வி வேறு. நீங்கள் சொன்ன வரையறையில் தவணை வாங்குகிறவர் இருக்கிறார், கொடுக்கிறவர் இருக்கிறார். அந்தக் காலம் முழுக்க அழுக்கை வாங்கிக்கொள்கிறவர் எங்கே? இங்கே தும்பு எடுக்கக் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடுகிறவர்கள் உண்டு. அழுகும்போது நாற்றமும் உண்டு, தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், இல்லையென்று சொல்லமாட்டேன். நாளைக்கு ஆற்றுநீர்த் தரத்தைக் கடுமையாக்கினால் முதலில் நோட்டீஸ் வருவது தும்புக்காரனுக்கு. ஊர்ச் சாக்கடைக்குத் தவணை கிடைக்கும், ஏனென்றால் விண்ணப்பம் எழுத அவர்களிடம் பொறியாளர் இருக்கிறார். கரிமீனும் மடவையும் பிடித்துத் தின்கிறவனைக் கேட்டு யார் கணக்குப் போடுவார்கள்?

— — —

மக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

ஸ்போகேனில் அந்தக் கீழ்க்கரைக்காரர்கள் உண்டு. நகரத்துக்குக் கீழே ஸ்போகேன் பழங்குடியினரின் நிலம். தங்கள் எல்லையில் ஓடும் நீருக்கு அவர்களே தர அளவு வகுத்தார்கள், கூட்டரசும் ஒப்புதல் தந்தது. அவர்கள் கணக்கில் ஒருவர் நாளைக்கு 865 கிராம் மீன் தின்கிறார், பிசிபி 1.3 பிக்கோகிராமுக்கு மேல் கூடாது. மேலே உள்ள மாநிலம் எந்த அளவை வகுத்தாலும் கீழே உள்ளவரின் அளவு கெடாமல் பார்க்கவேண்டும் என்பது அங்கே விதி. அதனால்தான் அந்த நகரத்தின் விண்ணப்பத்தை மாநிலமும் நகரமும் மட்டும் பேசி முடிக்க முடியாது.

அந்த ஏற்பாடு மணக்குடிக்கு இல்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அந்தப் பெயர் அங்கே வரும் பறவைகளுக்காகப் பேசலாம், உங்கள் மடவைக்காகப் பேசாது. ஆகவே சொல்லை மாற்றவேண்டாம், விளக்கத்தை மாற்றுகிறேன். அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

தரத்தவணை: ஆற்றுநீர்த் தர அளவை மாற்றாமல், குறித்த வெளியேற்றுநருக்கு அல்லது ஆற்றுப்பகுதிக்கு, குறித்த மாசு ஒன்றுக்கு மட்டும், குறித்த காலத்துக்குத் தரப்படும் இடைக்கால அளவு, அக்காலத்தில் செய்யவேண்டிய பணிகளும் கீழ்க்கரையில் நீரைப் புழங்குவோர் விவரமும் அதில் எழுதப்பட வேண்டும்.

கடைசித் துண்டு அமெரிக்க விதியின் நேர்ப்பொருளைத் தாண்டிப் போகிறது என்று ஆட்சேபம் வரும். வரட்டும், பேசுவோம். 'அவதி'யை வட்டாரவழக்குக் குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன். பிற மாவட்டத்தார் படித்தால் துன்பம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் முழுத் தவறில்லை.

தவணைக் காலத்தில் எட்டவேண்டிய நல்ல நிலைக்கு 'எட்டும் உச்சம்' என்று வைத்திருக்கிறேன். உச்சம் என்றால் மாசுதான் உச்சம் என்று படிப்பார்களோ என்று ஒரு தயக்கம். 'எட்டும் நன்னிலை'யும் பார்க்கலாம். கழிவுநீர் ஆற்றில் விழுந்து கலந்து முடிகிற வரையுள்ள நீர்ப்பரப்புக்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குள் தர அளவைப் பார்க்கமாட்டார்கள், அதைத் தாண்டியபின்தான் பார்ப்பார்கள். 'கலப்பு மண்டலம்' வறட்டுச் சொல்லாகப் படுகிறது. பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் வாயில்) ஆற்றுநீரும் ஓருநீரும் (உப்புநீரும்) கலந்துகிடக்கிற பரப்பை மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? வலை வீசுகிறவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.