கலைச்சொல் வேண்டும்: ஆல் வீல் டிரைவ், டிராக்‌ஷன், டார்க் ஸ்டியர்

குழுவினருக்கு வணக்கம்.

பணிமனைக் கையேடு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்சக்கரங்களால் மட்டும் ஓடும், 300 குதிரைத்திறனைத் தாண்டிய ஹேட்ச்பேக் காரை ஆல் வீல் டிரைவாக மாற்றுவது எப்படி என்பதுதான் பொருள். ‘அனைத்துச் சக்கர இயக்கம்’ என்று எழுதிவிட்டேன். ஃபோர் வீல் டிரைவுக்கு ‘நாற்சக்கர இயக்கம்’. காருக்கு இருப்பதே நாலு சக்கரம், இரண்டும் ஒன்றுதானே என்று மெய்ப்புப் பார்ப்பவர் மடக்குகிறார். டிராக்‌ஷனுக்கு ‘இழுவை’ சரியா? டார்க் ஸ்டியருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

*

தம்பி, சக்கரம் வடசொல். நம்மிடம் ‘கால்’ இருக்கிறது. ‘கால்வல் நெடுந்தேர்’ என்பது குறள் 496. புறநானூறு 185 ‘கால்பார் கோத்து’ என்றே தொடங்குகிறது. செலுத்தத் தெரியாதவன் கையில் வண்டி அள்ளலில் சிக்கும் என்றும் அங்கேயே வருகிறது. அள்ளல் என்றால் சேறு. பிடிப்பில்லாத தரையை அன்றைக்கே பாடிவிட்டார்கள். ஆகவே ‘முழுக்கால் உந்தம்’, ‘நாற்கால் உந்தம்’ என்று கொள்ளலாம். ‘பார்’ வண்டியின் நெடுமரம். காரின் அடியில் நீளவாட்டில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் ‘பார்த்தண்டு’ எனலாம்.

*

> முழுக்கால் உந்தம்

ஐயா, எனக்கு முழுக்கால் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. ‘பார்’ வண்டியோடு அசையாமல் கிடக்கும் மரம், இந்தத் தண்டோ சுழல்வது. ஒட்டவில்லை.

சொல்லுக்கு முன்னால் வேலையைப் பார்ப்போம். கார் வேகமெடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. தள்ள வேண்டிய முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்து அவை வெறுமனே சுழல்கின்றன. எஞ்சினில் இழுவைக்குக் குறைவில்லை, டயருக்கும் தரைக்கும் நடுவில்தான் குறை. அதனால் ‘தரைப்பிடிப்பு’ என்பேன். ‘இழுவை’யைக் காற்றியக்கவியல்காரர்கள் வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முன்சக்கரங்களைச் சுழற்றும் இடவல டிரைவ் ஷாஃப்டுகளின் நீளம் வேறுபட்டால், அழுத்தி மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்புதான் டார்க் ஸ்டியர், நீள வேறுபாடு அதற்குப் பெரிய காரணம். ‘முறுக்கிழுப்பு’ போதாதா?

*

ஒரு திருத்தம். முன்சக்கரம் எங்கே ஐயா தள்ளுகிறது? அது இழுக்கிறது, பின்சக்கரம் உந்துகிறது. முன்னிழுவை, பின்னுந்தம். இரண்டும் சேர்ந்தால் ‘இழுவுந்தம்’.

*

அச்சில் ஓர் உகரம் விட்டுப்போனால் ‘இழவுந்தம்’ ஆகிவிடும். கையேட்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

*

பணிமனைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். எஞ்சின் குறுக்காக இருக்கும் காரில் கியர்பாக்ஸ் ஓரமாக ஒரு கோணப் பல்சக்கரப் பெட்டி வைத்துத்தான் விசையைப் பின்னால் திருப்ப வேண்டும். அப்புறம் நீளத் தண்டு, பின் டிஃபரன்ஷியல் (இடவல சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி), அதற்கு முன்னால் பல தட்டுக் கிளட்ச், இவற்றைத் தாங்கப் புது சப்ஃபிரேம். தண்டு போக வழியில்லாமல் பெட்ரோல் டேங்கையே மாற்ற நேரும். அதே அடித்தளத்தில் நான்கு சக்கர வகையும் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தால் (கோல்ஃப், ஆடி எஸ்3 போல) பாகங்கள் பொருந்தும். இல்லையென்றால் தரைத்தகட்டை வெட்டி ஒட்டுவதுதான். முன்னும் பின்னும் பல்விகிதமும் டயர் சுற்றளவும் ஒத்துவராவிட்டால் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும்.

நான் கேட்பது இது. பழைய ஹால்டெக்ஸ் கிளட்ச் (மேலே சொன்ன பல தட்டு வகைதான்) முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும். உலர்ந்த சாலையில் அது பெரும்பாலும் முன்சக்கரக் கார்தான். 1980-இல் வந்த ஆடி குவாட்ரோ அப்படியில்லை, நான்கும் எப்போதும் உந்தும். இரண்டுக்கும் ஒரே ‘அனைத்து’ என்றால் மாணவர் குழம்புவார். ‘நிலை’, ‘வேண்டுழி’ என்று அடைமொழி கொடுங்கள்.

*

‘வேண்டுழி’ அருமை! ஆனால் எந்த மெக்கானிக் படிப்பார்? ‘தேவைப்படி’ என்றே போடலாமே.

*

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை. ‘தரைப்பிடிப்பு’க்கு மறுப்பில்லை, ‘முறுக்கிழுப்பு’க்கு முணுமுணுப்போடு சம்மதம். ‘முழுச்சக்கர இயக்கம்’ என்று மூவர் தனிமடலில் கேட்டார்கள், சுருக்கமாக இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். கையேட்டில் இருப்பது கிளட்ச் வகை என்பதால் முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘தேவைப்படி’ சேர்க்கிறேன். டிஃபரன்ஷியலும் கிளட்ச்சும் அப்படியே இருக்கட்டும்.

*

முழுச்சக்கரம் என்றால் உடையாத சக்கரம் என்றுதான் படிப்பவர் கொள்வார். ‘அனைத்து’ நீளம் என்று தள்ளிவிட்டு, ‘தேவைப்படி முழுச்சக்கர இயக்கம்’ என்று அதைவிட நீளமாக எழுதுகிறீர்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள் தம்பி. ‘நாற்கால்’ பற்றி யாருமே பதில் சொல்லவில்லை.