ஜேர்மன் லப்டொப்பில அடிச்ச நெல்லுக் கணக்கு: எக்செல்லில கூட்டுத்தொகை பிழைக்குது

முரசுமோட்டை (கேள்வி):
கமக்காரர் அமைப்பின்ர காலபோக நெல் கொள்வனவுப் பட்டியல். அடிச்சது ஜேர்மனியில இருந்து வந்த லப்டொப்பில. சீஎஸ்வீ (வெறும் எழுத்துப் பைல்) ஆகச் சேமிச்சு இஞ்ச கந்தோர் கொம்பியூட்டரில செமிகோலனால (;) நிரல் பிரிச்சு எடுத்தால் 1.250 கிலோ 1.25 எண்டு நிக்குது. 985, 2.400 உம் சேர்த்து 4635 வரவேணும், வாறது 988.65. ஈரப்பதம் 13,5 இடப்பக்கம் ஒட்டி நிக்குது. காசு நிரலின்ர கூட்டு 0. சில பெட்டியில ஈரப்பதத்துக்குப் பதிலாத் திகதி. என்ன செய்யலாம்?

மல்லாவி:
ஜேர்மன் முறையில புள்ளி ஆயிரம் பிரிக்கிறதுக்கு, கொமாதான் தசமம். உங்கட கந்தோர் மெசினுக்கு அது மறுவளம். அதால 1.250 ஒண்டேகாலாப் போச்சு. 13,5 ஐயும் காசு நிரலில 162.500,00 மாதிரி நிக்கிறதையும் அதுக்கு எண்ணாப் படிக்கத் தெரியேல்ல, எழுத்தா விட்டிட்டுது. கூட்டுற சூத்திரம் எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், அதுதான் 0.

இடப்பக்கம் நிக்கிறது கண்ணுக்குப் படும், தப்பிக்கலாம். வலப்பக்கம் ஒழுங்கா நிக்கிறதைத்தான் பாருங்கோ. 68,250 கிலோ (அறுபத்தெட்டேகால்) மூடை 68250 ஆகியிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது.

திறந்த பைலைத் திருத்தப் போகாதேங்கோ, சேமிக்கவும் வேண்டாம். மூலத்தை டபிள் கிளிக் பண்ணாமல் வெறும் எக்செல் தாளைத் திறந்து, டேட்டா, ஃப்ரொம் டெக்ஸ்ட் வழியா எடுங்கோ. பழைய விசர்ட் எண்டால் முதல் படியில டிலிமிட்டட், பைல் ஒரிஜின் 65001 (இல்லாட்டித் தமிழ்ப் பெயர் குழம்பும்). ரெண்டாம் படியில செமிகோலன். மூண்டாம் படியில அட்வான்ஸ்ட் அமத்தி தசமத்துக்குக் கொமா, ஆயிரத்துக்குப் புள்ளி குடுங்கோ. அதே படியில திகதி நிரலுக்கு டிஎம்வை (நாள், மாதம், வருசம்), வங்கிக் கணக்கிலக்க நிரலுக்கு டெக்ஸ்ட். முன்னால நிக்கிற பூச்சியம் போகாது.

ஒட்டுசுட்டான்:
புது எக்செல்லில அந்த விசர்ட் வராது, பவர் குவெரி எண்ட தரவு எடுக்கிற கருவி வரும். ட்ரான்ஸ்ஃபோர்ம் டேட்டா போய், வலப்பக்கப் பட்டியலில சேஞ்ட் டைப் எண்ட படியை முதலில அழியுங்கோ. அது தானாகவே 1.250 ஐ 1.25 ஆக்கி வைச்சிருக்கும், பிறகு எதைச் செய்தும் பலனில்லை. அழிச்ச பிறகு நிரலில வலது கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லொகேல், டெசிமல் நம்பர், ஜேர்மன் (ஜேர்மனி).

முரசுமோட்டை:
கிலோ, காசு சரி வந்திட்டுது. ஈரப்பதத்தில 12.மே, 13.ஆகஸ்ட் இன்னும் நிக்குது.

மல்லாவி:
அது லப்டொப்பிலயே நடந்தது. ஆரோ 12.5 எண்டு புள்ளி வைச்சு அடிச்சிருக்கினம், ஜேர்மன் எக்செல் அதை மே 12 எண்டு எடுத்திட்டுது. எண்ணாக மாத்திப் பாத்தால் 2025இல அடிச்சது 45789 எண்டு வரும், பயப்பிடாதேங்கோ. லப்டொப்பில உள்ள மூல எக்செல் பைலில, நாளோட மாதத்தைப் பத்தால வகுத்துக் கூட்டுங்கோ: 12 + 5/10 = 12.5. 12.10 எண்டு அடிச்சிருந்தால் அக்டோபர் ஆகியிருக்கும், அந்த வரிசையைத் தராசுத் துண்டைப் பாத்துக் கையாலதான் போடவேணும்.

துணுக்காய்:
இவ்வளவு ஏன்? கந்தோர் மெசினில விண்டோஸ் ரீஜனையே ஜேர்மனா மாத்தினால் முடிஞ்சுது.

மல்லாவி:
வேண்டாம் அண்ணை. அந்த மெசினில பிறகு திறக்கிற எல்லா உள்ளூர் சீஎஸ்வீயும் இதே மாதிரிப் பிழைக்கும். மாத்திறதெண்டால் லப்டொப்பை மாத்துங்கோ: கொன்ட்ரோல் பனல், ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ். தசமம் புள்ளி, ஆயிரம் கொமா, லிஸ்ட் செப்பரேட்டர் கொமா. எக்செல் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில சிஸ்டம் செப்பரேட்டர்ஸ் டிக் இருக்கோ பாருங்கோ, இல்லாட்டி விண்டோஸில மாத்தினது எக்செல்லுக்குப் போகாது.

ஒட்டுசுட்டான்:
மாத்தின பிறகு அந்த லப்டொப்பில சூத்திரத்துக்குள்ள செமிகோலன் போடுற பழக்கத்தை விடவேணும், இனிக் கொமாதான். சூத்திரப் பெயர் மட்டும் ஜேர்மனிலயே நிக்கும், சம் எண்டு அடிச்சால் எடுக்காது, ஸும்மே எண்டு அடியுங்கோ. பெயரை மாத்த ஒஃபிஸின்ர மொழியை மாத்தவேணும், அது வேற இடம்.