அய்ன் ராண்டின் அப்ஜெக்டிவிசம்: நாவல்களுக்குப் பிறகு முறையாகப் படிப்பது எப்படி?

நெடுவழி (கேள்வி):
வணக்கம். அய்ன் ராண்டின் நாவல்களான ‘தி ஃபவுன்டன்ஹெட்’, ‘அட்லஸ் ஷ்ரக்டு’ இரண்டும் படித்தாயிற்று. இனி அவற்றின் பின்னாலுள்ள அப்ஜெக்டிவிசத்தை (பகுத்தறிவையும் தன்னலத்தையும் அறத்தின் அடிப்படையாக்கும் அவருடைய கோட்பாடு) தத்துவமாகவே படிக்க ஆசை. அட்லஸின் மூன்றாம் பாகத்தில் வரும் நாயகன் ஜான் கால்ட்டின் வானொலி உரையை எத்தனை முறை புரட்டினாலும் வாதம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அவருடைய அறிவாய்வியல் (அறிவு எப்படி உருவாகிறது என்ற ஆய்வு) நூலான ‘இன்ட்ரடக்‌ஷன் டு அப்ஜெக்டிவிஸ்ட் எபிஸ்டமாலஜி’யை எடுத்தால் ‘அளவை விடுதல்’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. எந்த வரிசையில் படிப்பது? ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிப்பவர், தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்று எப்படிச் சோதிப்பது? எதிர்த்தரப்பை எப்போது கையில் எடுப்பது?

மரப்பாலம்:
கால்ட் உரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மெய்ப்பொருளியல் (இருப்பின் அடிப்படை இயல்பு பற்றிய ஆய்வு) முதல் அரசியல் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும் சுருக்கம் அது. அமைப்பு ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

முதலில் ‘ஃபிலாசஃபி: ஹூ நீட்ஸ் இட்’ தொகுப்பின் தலைப்புக் கட்டுரை. 1974இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ஆற்றிய உரை என்பதால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அடுத்தது ‘தி வர்ச்சு ஆஃப் செல்ஃபிஷ்னஸ்’ (1964) தொகுப்பின் முதல் கட்டுரையான ‘தி அப்ஜெக்டிவிஸ்ட் எதிக்ஸ்’. இங்கே அவசரம் வேண்டாம், இரண்டு வாரம் ஒதுக்கினாலும் தகும். மதிப்பு என்றால் என்ன, அது ஏன் உயிருள்ளவற்றுக்கு மட்டும் பொருந்துகிறது, பகுத்தறிவு ஏன் முதல் நற்பண்பு ஆகிறது என்ற சங்கிலி முழுக்க இதில்தான் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் சில கட்டுரைகள் ராண்டின் அன்றைய சகா நதானியல் பிராண்டன் எழுதியவை. குறிப்பெடுக்கும்போது யார் எழுதியது என்று பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அறிவாய்வியல் நூல் மூன்றாவது. எட்டே அத்தியாயங்கள்தான், வாரத்துக்கு ஒன்று போதும். 1990இல் வந்த விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். அதன் பின்னிணைப்பில், தத்துவமும் அறிவியலும் தெரிந்தவர்கள் ராண்டிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் இருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதற்குரிய பகுதியைப் பாருங்கள், உங்களுக்கு எழும் சந்தேகங்களில் பாதியை அவர்களே கேட்டிருப்பார்கள்.

ராண்டின் மாணவர் லியனார்ட் பெய்காஃப் எழுதிய ‘அப்ஜெக்டிவிசம்: தி ஃபிலாசஃபி ஆஃப் அய்ன் ராண்ட்’ (1991) நான்காவது. பன்னிரண்டு அத்தியாயங்கள்; யதார்த்தத்தில் தொடங்கிக் கலையில் முடிகிறது. முழு அமைப்பும் ஒழுங்காகக் கிடைப்பது இதில்தான். ஆனால் ராண்ட் இறந்தது 1982இல். அதனால் இதில் உள்ள ஒரு வாதத்தை ராண்டின் வாதம் என்று எழுதுவதற்கு முன் அவருடைய சொந்த எழுத்தில் தேடிப் பாருங்கள்.

அரசியலில் தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதலாளித்துவம் பற்றிய கட்டுரைகள் விறுவிறுப்பானவை, மறுக்கவில்லை. ஆனால் அறவியல் இல்லாமல் அவற்றைப் படித்தால் வரி, அரசு, சந்தை என்று முடிவுகள் மட்டும் மனப்பாடமாகும், காரணம் நிற்காது.

ஏட்டுச்சுவடி:
‘அளவை விடுதல்’ பற்றி மட்டும் சொல்கிறேன். பல பொருள்களை மனம் ஒரே கருத்தாகச் சேர்ப்பது எப்படி என்பதற்கு ராண்ட் தரும் விளக்கம் அது. எதிரே மூன்று கோப்பைகளை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு தட்டு. கோப்பைகளுக்குள் உயரம், வாயின் அகலம், சுவரின் தடிமன் எல்லாம் வேறுபடுகின்றன. தட்டோடு ஒப்பிடும்போது மட்டும் அந்த வேறுபாடுகள் சிறிதாகி மூன்றும் ஓர் இனமாகத் தெரிகின்றன. தட்டை எடுத்துவிட்டால் ஒற்றுமை என்று சொல்லவே இடமில்லை. ஆகவே முதல் தேவை ஒரு மாற்றுப்பொருள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது நீங்கள் நின்ற இடம். கோப்பைக்கு ஏதோ ஓர் உயரம் இருந்தே தீர வேண்டும், அது எந்த உயரமாகவும் இருக்கலாம் (ஒரு வரம்புக்குள்). விடுவது குறிப்பிட்ட அளவை மட்டும். உயரம் என்ற பண்பையே தூக்கி எறிவதில்லை. ‘விடுதல்’ என்றதும் பண்பே இல்லை என்று எடுத்துக்கொண்டால் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எல்லாம் குழம்பும்.

கோப்பையில் சரிவரும் இது, நீதி, அன்பு போன்றவற்றில் எப்படி? அவற்றுக்கு அளவுகோல் இல்லையே என்று தோன்றும். நான்காம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரு மதிப்பை இன்னொன்றுக்கு மேல், கீழ் என்று வரிசைப்படுத்துவதையும் ராண்ட் ஒருவகை அளவீடாகவே எடுத்துக்கொள்கிறார். இந்தப் பதில் போதுமா என்பது நியாயமான விவாதம். முதல் வாசிப்பிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு முடிவை எடுத்துக் கீழ்நோக்கி இறங்குங்கள். ‘தனிமனித உரிமை’ என்று வைத்துக்கொள்வோம். உரிமை எதற்கு? சமூகத்தில் ஒருவர் தன் தீர்ப்பின்படி செயல்படுவதற்கு. தன் தீர்ப்பு ஏன்? சிந்தனையை ஒருவருக்காக இன்னொருவர் செய்து தர முடியாது, மனிதன் உயிர்வாழும் வழியும் அதுதான். உயிர்வாழ்வு ஏன் அளவுகோல்? இருப்பா இல்லாமையா என்ற மாற்று உயிருக்கு மட்டுமே உண்டு, அது இல்லாத இடத்தில் மதிப்பு என்ற பேச்சே எழாது. ஒவ்வொரு படிக்கும் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள். ரோர்க், கால்ட், டாக்னி என்று நாவல் பாத்திரங்கள் யாரும் வரக்கூடாது. எடுத்துக்காட்டு கிடைக்காத படியில் உங்களிடம் இருப்பது வெறும் வாசகம்தான், அங்கே மூலக் கட்டுரைக்குத் திரும்புங்கள்.

எதிர்வாதம்:
எதிர்த்தரப்பை மரப்பாலம் சொன்ன வரிசையில் இரண்டாவது நூல் முடிந்ததுமே தொடங்கலாம். நான்கும் முடியட்டும் என்று காத்திருந்தால் பதில்கள் மனதில் உறைந்துவிடும்.

முதலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று அவர் கேட்ட பத்தி, 1739–40 காலத்தில் வெளிவந்த ‘எ ட்ரீட்டிஸ் ஆஃப் ஹியூமன் நேச்சர்’ நூலின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. ராண்டின் அறவியல் நேராக இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயல்கிறது. பிறகு அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1971இல் எழுதிய ‘ஆன் தி ராண்டியன் ஆர்கியுமென்ட்’ கட்டுரை. மேலே ஏட்டுச்சுவடி இறங்கிய அதே படிக்கட்டை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். உயிர் இருந்தால்தான் மதிப்புகள் சாத்தியம் என்பதாலேயே உயிரே மதிப்பு ஆகிவிடுமா என்பது கூர்மையான இடம். வெறும் உயிர்வாழ்வு எந்தப் புள்ளியில் ‘மனிதனாக வாழ்தல்’ ஆக மாறுகிறது என்பதையும் கூடவே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ராண்டின் பக்கம் நின்று முடிந்தவரை வலுவான பதிலை ஒரு பக்கம் எழுதுங்கள், பிறகு அந்தப் பதிலை நீங்களே தாக்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் பற்றி ராண்ட் சொல்வதை வைத்துக் கான்ட்டை எடைபோடாதீர்கள். 1785இல் வந்த, அறவியல் அடிப்படை பற்றிய அவருடைய சிறுநூலை (ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்வொர்க் ஆஃப் தி மெட்டாஃபிசிக்ஸ் ஆஃப் மாரல்ஸ்’) நேரடியாகப் படியுங்கள். அரிஸ்டாட்டிலும் அப்படியே. நிக்கோமக்கிய அறவியலில் தன்னேயம் (தன்மீதான அன்பு) பற்றிய ஒன்பதாம் புத்தகம், எட்டாம் அத்தியாயம் மட்டுமாவது படித்தால் ராண்ட் எங்கே அவரோடு நடக்கிறார், எங்கே பிரிகிறார் என்பது தெளிவாகும்.

நெடுவழி:
மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: உணர்ச்சி அறிவதற்கான கருவி அல்ல என்கிறாரே ராண்ட், உணர்ச்சிகளை ஒதுக்கிவைக்கச் சொல்கிறாரா?

ஏட்டுச்சுவடி:
இல்லை. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட மதிப்பீடுகளிலிருந்து எழுவதே உணர்ச்சி என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே அதை அடக்கினால் உள்ளே என்ன மதிப்பீடு இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும். கோபம் வந்தால் எதைப் பார்த்து வந்தது, அதை எப்படி மதிப்பிட்டேன், அந்த மதிப்பீடு உண்மையா என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றாவது வரிக்கான சான்றை மட்டும் கோபத்திடம் கேட்காதீர்கள், வெளியே பார்த்துச் சரிபாருங்கள்.