பச்சிமோத்தானாசனம் ஒன்றுதான், யோக மரபுகள் பல: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பகிர்வு

பல ஆண்டுகளாக வெவ்வேறு மரபுகளில் யோகா கற்று வருகிறேன். எந்தப் பாணி நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் ஆசனத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன். அது பச்சிமோத்தானாசனம். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மரபிலும் அது எனக்கு வேறு வேறு ஆசனமாகவே இருந்தது. உடம்பைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் அந்த மரபு என்ன நினைக்கிறது என்பது குனிய வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நான் முதலில் போனது சிவானந்தர் மரபு வகுப்புக்கு. பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு துறவியாகி 1936-இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த 12 ஆசன வரிசையைத்தான் அங்கே சொல்லித் தருகிறார்கள். சிரசாசனத்தில் தொடங்குகிறது. முன்னால் குனிவது ஐந்தாவதாக வரும். நடுநடுவே சவாசனத்தில் படுக்கச் சொல்வார்கள். குனிந்தபோது கை எதுவரை போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. வகுப்பின் முடிவில் வரும் நீண்ட தளர்வுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்லிவிட்டு, இந்த உடம்பும் மனமும் நானல்ல, இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சிதான் நான் என்ற எண்ணத்துக்கு ஆசிரியர் மெல்லக் கொண்டு போவார். அது வேதாந்தம். உடம்பை இவ்வளவு கவனமாகப் பழக்குவதே கடைசியில் அதை விட்டு விலகி நிற்பதற்குத்தான் என்று அங்கே படுத்திருந்தபோது புரிந்தது.

அப்புறம் அஷ்டாங்க வின்யாசம். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த முறை. இங்கே வரிசை மாறாது. நின்று செய்யும் ஆசனங்கள் முடிந்து உட்கார்ந்தவுடன் பச்சிமோத்தானாசனம் வரும். தொண்டையில் மெல்லிய ஒலியோடு மூச்சு, அடிவயிற்றில் பந்தம் எனும் இறுக்கம், பார்வை கால்விரலில். ஆசிரியர் சமஸ்கிருதத்தில் எண்ணிக்கொண்டே போவார். ஐந்து மூச்சு முடிந்ததும் அடுத்த நிலை. நன்றாகக் குனிந்தேனா என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது. தினமும் அதே வரிசையைச் செய்யும்போது மாறுவது நாம் மட்டும்தான். நேற்று எளிதாக வந்தது இன்று வராதபோது எழும் எரிச்சல், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழும் போட்டி எண்ணம், எல்லாம் தெளிவாகக் கண்ணில் படும். யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் அப்பியாசம் (விடாத பயிற்சி), வைராக்கியம் (பற்றின்மை) இரண்டையும் இதைவிட நேரடியாகக் கற்க வழி இருக்கிறதா என்று தெரியவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் ஓய்வு நாட்கள்.

பி.கே.எஸ். ஐயங்கார் வழி வகுப்பில் நிலைமை அப்படியே தலைகீழ். ஒரு வகுப்பு முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசனங்கள்தான். இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை, பாதத்தைச் சுற்றி ஒரு பட்டை, நெற்றிக்குத் திண்டு. குனிந்த பிறகு நிமிடக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். வலது விலா சுருங்கியிருக்கிறது, இடது குதிகாலின் வெளி ஓரம் தூங்குகிறது என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, இதுவரை இருப்பதாகவே தெரியாத இடங்களுக்கெல்லாம் கவனம் போனது. திண்டும் பட்டையும் உடல் வளையாதவர்களுக்கான சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தசை போராடாமல் இருந்தால்தான் கவனம் உள்ளே போகும். அகிம்சை, சத்தியம் போன்ற ஒழுக்கங்களில் தொடங்கிச் சமாதி வரை போகும் யோகத்தின் எட்டு அங்கங்களையும் ஒரே ஆசனத்துக்குள்ளேயே பயில முடியும் என்பது ஐயங்காரின் உறுதியான கருத்து. வலி தரும் அளவுக்கு உடம்பை வற்புறுத்தாமல் இருப்பது அகிம்சை. முடியாததை முடிந்தது போலக் காட்டாமல் இருப்பது சத்தியம். அதை நெற்றி திண்டில் இருக்கும்போது யோசித்துப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

தேசிகாச்சார் வழியில் வந்த ஓர் ஆசிரியரிடம் தனியாகக் கற்றதுதான் என்னை அதிகம் மாற்றியது. அவர் எடுத்த எடுப்பில் ஆசனம் சொல்லித் தரவில்லை. தூக்கம், செரிமானம், வேலை, பழைய காயங்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கையை உயர்த்தி மூச்சை உள்ளிழுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, மூச்சை விட்டபடி குனியச் சொன்னார். சில முறை குனிந்து நிமிர்ந்த பிறகுதான் குனிந்தபடியே இருப்பது. மூச்சு அசைவுக்குச் சற்று முன்பே தொடங்கி, அசைவு முடிந்த பிறகுதான் முடிய வேண்டும். இந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. மூச்சின் நீளம் குறைந்தால் நான் அளவு மீறிவிட்டேன் என்று பொருள். அதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிலைத்தும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்ற பதஞ்சலியின் வரையறை அதுவரை எனக்கு வெறும் சூத்திரம். முழங்கால் மடிந்த அந்த அரைகுறைக் குனிவில்தான் அது எனக்கு அனுபவமானது.

இதில் வியப்பு என்னவென்றால், கடைசியாகச் சொன்ன மூன்றும் ஒரே ஆசிரியரிடமிருந்து வந்தவை. மைசூர் மன்னரின் ஆதரவில் 1933-இல் தொடங்கிய யோகசாலையில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம்தான் பட்டாபி ஜோயிசும், கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனரான ஐயங்காரும் பயின்றார்கள். தேசிகாச்சார் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன். துள்ளித் திரியும் சிறுவர்களுக்கு ஒன்று, நோயாளிக்கு இன்னொன்று என்று ஆளுக்கு ஏற்றபடி மாற்றித்தான் அவர் கற்பித்தார். இன்று தனித்தனிப் பாணிகளாக நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, யாருக்கு எந்தக் காலத்தில் கற்பித்தார் என்பதில் இருந்து பிறந்தது. எது அசல் என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய ஆசை. ஆசனமே இல்லாத மரபுகளில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

மறுமொழி 1

ஆசனமே இல்லாத மரபு என்றதும் எழுதத் தோன்றியது. நான் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை வழியில் இருக்கிறேன். கை, கால் பயிற்சிகள், கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல் என்று எளிய உடற்பயிற்சி உண்டு. வயதானவர்களும் செய்வார்கள். ஆனால் வகுப்பின் மையம் தவம். ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டு ஆக்கினைத் தவத்தைத் தொடங்கி வைப்பார். முதல் முறை அந்த இடத்தில் ஏற்பட்ட மெல்லிய அழுத்தம் வீட்டுக்குப் போன பிறகும் இருந்தது. சிலருக்கு உடனே எதுவும் தெரியாது, அதனால் ஒன்றும் குறைவில்லை. அப்புறம் சாந்தித் தவத்தில் கவனத்தை முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்துக்குக் கொண்டு வருவார்கள். தவத்தில் மேலே ஏறிய ஆற்றலை இப்படி இறக்கிச் சமன் செய்வதை நான் வேறு எங்கும் இவ்வளவு எளிமையாகப் பார்த்ததில்லை.

என்னை அசைத்தது அதுகூட இல்லை, தற்சோதனை. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாக வரும். சினம் தவிர்த்தலில் ஒரு தாளைக் கொடுத்து, யார் யார் மேல் நமக்குக் கோபம் வருகிறது, எதனால், எத்தனை முறை என்று எழுதச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வருவது வெளியாட்களிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் பட்டியலில் முதலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஒவ்வொருவரையும் நினைத்து மனதுக்குள் வாழ்த்தச் சொன்னார்கள். சுத்தவெளியான இறைநிலைதான் எல்லா உயிருமாகியிருக்கிறது என்பது இந்த மரபின் தத்துவம். அப்படியென்றால் அந்தப் பட்டியலில் இருப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. குடும்பத்தை விடாமல் யோகம் செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான ஆசனம் இல்லை என்பேன்.

மறுமொழி 2

நான் படுத்துக்கொண்டே செய்யும் யோகத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிவானந்தரின் இன்னொரு சீடர் சத்தியானந்தர் பீகாரின் முங்கேரில் வளர்த்தெடுத்த யோக நித்திரை. தூக்கம் வராத காலத்தில் இதற்குப் போனேன். முதலில் ஒரு சங்கல்பம் (மனத்துக்குள் எடுக்கும் உறுதி), பிறகு வலது கட்டை விரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வோர் இடமாகக் கவனத்தை வேகமாக நகர்த்துவது. அடுத்து பாரம், இலேசு என எதிரெதிர் உணர்வுகளை எழுப்புவது, மூச்சைத் தலைகீழாக எண்ணுவது, காட்சிகள். உடலின் பகுதிகளில் மந்திரத்தை இருத்தும் பழைய நியாச முறையிலிருந்து சத்தியானந்தர் இதை எடுத்தார். ஆசிரியரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், உடம்பு எங்கே என்று தெரியாது. எட்டு அங்கங்களில் பிரத்தியாகாரம் என்பது புலன்களை வலுக்கட்டாயமாக அடைப்பது என்று படித்திருந்தேன். அடைக்க வேண்டியதே இல்லை. கேட்கும் புலன் ஒன்றை மட்டும் விழித்திருக்க விட்டால் மற்றவை தாமாக அடங்குகின்றன. பாதியில் தூங்கிவிடுவது பலருக்கும் நடக்கும்.

மறுமொழி 3

தொடக்கப் பகிர்வில் ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எல்லா மரபுகளும் பதஞ்சலியிடம் போய்ச் சேர்வது போல ஒரு தொனி இருக்கிறது. யோக சூத்திரத்தில் சுமார் 195 சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனத்துக்கு அவற்றில் மூன்றே மூன்று. சாங்கியத் தத்துவத்தை ஒட்டிய பதஞ்சலியின் பார்வையில் புருஷன் (தூய உணர்வு) வேறு, பிரகிருதி (இயற்கை) வேறு. உடம்பும் மனமும் இரண்டுமே பிரகிருதியின் பக்கம். முடிவில் கைவல்யம், அதாவது புருஷன் தனித்து நிற்பது. இன்று நாம் செய்யும் உடல் சார்ந்த யோகத்தின் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததல்ல, உடலையும் மூச்சையும் கருவியாகக் கொள்ளும் ஹட யோகத்தில் வேரூன்றியது. அங்கே உடம்பு விலக்க வேண்டிய பொருள் இல்லை.

நம் திருமூலரையே பாருங்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களையும் அவர் சொல்கிறார். ஆனால் அவருக்கு உடம்பு என்பது இறைவன் கோயில் கொண்ட இடம். உடம்பை முன்பு இழுக்கென்று நினைத்திருந்ததாகவும், பின்பு அதற்குள்ளேயே உறுபொருளைக் கண்டதாகவும் பாடுகிறார். அதனால்தான் உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்து வளர்த்தேன் என்கிறார். சித்தர் வழியில் பிராணாயாமம் பயின்றபோது இந்த வேறுபாட்டை நான் நேராகவே உணர்ந்தேன். இரேசகம் (விடுவது), பூரகம் (இழுப்பது), கும்பகம் (அடக்குவது) என்று அதே மூச்சுதான். ஆனால் சாட்சியாக விலகி நின்று பார்க்கச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவனை நோக்கிப் போகச் சொன்னார்கள். சாட்சியாகப் பார்த்ததில் எனக்கு அமைதி கிடைத்தது. உள்ளே இருப்பவனை நோக்கிப் போனதில் கண்ணீர் வந்தது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொடக்கப் பகிர்வு எழுதியவர்

கடைசி மறுமொழியை இரண்டு முறை படித்தேன். ஏற்றுக்கொள்கிறேன். கிருஷ்ணமாச்சாரியாரே ஆழ்ந்த வைணவர். மூச்சை வெளியே விடுவதை சரணாகதியாகப் பார்க்கும் பார்வையை அவர் வழியில் வந்த என் ஆசிரியரிடமும் கேட்டிருக்கிறேன். அதைப் பதஞ்சலி கணக்கில் சேர்க்க முடியாது.

கும்பகம் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சியை இந்தப் பகிர்வைப் படித்துத் தாமாகத் தொடங்க வேண்டாம். பச்சிமோத்தானாசனத்திலும் முதுகுத்தட்டுப் பிரச்சினை இருப்பவர்கள் முழங்காலை மடித்தே குனியுங்கள், அதுவும் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. அப்புறம், மறுமொழி 3 எழுதியவரே, அந்த வழியில் கும்பகத்துக்கு மாத்திரை அளவை (மூச்சைக் கணக்கிடும் கால அளவை) எப்படிப் படிப்படியாகக் கூட்டினார்கள் என்று நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுங்கள்.