2.5 செ.மீ. கட்டை: உள்ளே போகுமா, போகாதா?

அளவுகோல்:
"மூணு வயசு வரைக்கும் 2.5 செ.மீ. மரக்கட்டையைக் கண்ணுலயே காட்டாதீங்க, 10 செ.மீ. ஃபோம் கட்டைதான் வளர்ச்சிக்கு நல்லது"ன்னு பம்பரம் பக்கத்து இழையில தீர்ப்பு எழுதியிருக்கார். அதுக்கு ஆளாளுக்கு விருப்பக்குறி வேற. கோபுரம் கட்டுறதுல குழந்தைக்குக் கஷ்டம் கட்டையை எடுக்கிறது இல்லைங்க, விடுறது. கீழ இருக்கிறது அசையாம விரலை மட்டும் விரிக்கணும். குழந்தை வளர்ச்சியை ஆராய்ஞ்ச உளவியலாளர் கெசல் காலத்துலேர்ந்து வளர்ச்சிச் சோதனைக்கு ஒரு அங்குலக் கட்டையைத்தான் வைக்கிறாங்க. 15 மாசத்துல சுமார் ரெண்டு கட்டையை அடுக்கும், 18 மாசத்துல மூணு நாலு, ரெண்டு வயசுல ஆறு. 10 செ.மீ. ஃபோமை ஒரு கைக்குள்ள பிடிக்கவே முடியாது. எடையும் இல்ல, முழங்கை லேசா பட்டாலே சரியும். பல்லு முளைச்ச பிள்ளை கடிச்சா துண்டு துண்டா வாய்க்குள்ள போகும். இதுதான் பாதுகாப்பா?

பம்பரம்:
பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு நன்றி சார். மூணு வயசுக்குக் கீழ உள்ள பொம்மைக்குச் சிறுபாக உருளைச் சோதனை உண்டு; அந்த உருளைக்குள்ள முழுசா இறங்குற பொருள் தொண்டையில சிக்கலாம்னு ஒதுக்கிடுவாங்க. விட்டம் 31.7 மி.மீ. உங்க கட்டை 25 மி.மீ. எது பெருசு? உங்க கெசல் சோதனையில பக்கத்துல ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், அதையும் சேர்த்து எழுதுங்க.

அளவுகோல்:
பக்கத்தை அளந்தா ஆச்சா? சதுரத்துக்கு மூலைவிட்டம்னு ஒண்ணு இருக்கு. 25 மி.மீ. பக்கத்துக்கு 35.4. அது 31.7-க்குள்ள எப்படி இறங்கும்? முழுசா இறங்கணும்னா பக்கம் 22.4-ஐத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடக் கணக்கு இது.

பம்பரம்:
மூளைவிட்டம் எல்லாம் வேண்டாம். டிஷ்யூ ரோல் அட்டைக்குழாயில போடுங்க, அந்தப் பக்கம் வந்து விழும்.

அளவுகோல்:
மூளையை விட்டது யாருன்னு தெரியுது. அது மூலை. அட்டைக்குழாய் உள்விட்டம் 4 செ.மீ. வாக்குல இருக்கும், அதனாலதான் விழுது. வீட்டுல கூடுதல் எச்சரிக்கைக்கு அந்தக் குழாய் நல்லதுதான், ஆனா சோதனை உருளை அது இல்ல. 35.4. மறுபடியும் சொல்றேன், 35.4.

நூல்கண்டு:
ரெண்டு பேரும் சண்டையை விட்டா ஒண்ணு சொல்லலாம். 4 செ.மீ. மரக்கட்டை அட்டைக்குழாயிலயும் போகாது, ஒரு கைக்கும் அடங்கும். முதல்ல ஆறு போதும். பளபளன்னு வார்னிஷ் அடிச்சது வழுக்கும், மூணாவதுலயே சரியும். மழமழன்னு தேய்ச்சு, ஆனா மெருகு போடாம விட்ட மரம் நல்லா நிக்கும்.

அளவுகோல்:
நூல்கண்டு, சமரசம் பேச வேற இழை இருக்கு. 4 செ.மீ.க்கு உள்ளங்கையோட பிடிப்பாங்க, விரல்நுனிக்கு வேலை எங்க?

சாணைக்கல்:
கணக்கு பேசுறவங்க விளிம்பை மறந்துட்டீங்க. குழந்தைக் கட்டை எதுக்கும் கூர் விளிம்பு இருக்காது. 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியிருந்தா மூலைவிட்டம் 33.7. 4.5 மி.மீ. ஆரம்னா 31.6, உருளைக்குள்ள இறங்கிடும்.

பம்பரம்:
பாத்தீங்களா! போகுது! போகுதுன்னுதான் முதல்லேர்ந்து சொல்றேன்.

அளவுகோல்:
4.5 மி.மீ. உருட்டினா அது கட்டை இல்ல, கூழாங்கல். மேல சமதளம் 16 மி.மீ.தான் மிஞ்சும், ஒன்றரை வயசுக் கை அதுமேல இன்னொண்ணை நிறுத்தவே நிறுத்தாது. நான் சொன்னது கோபுரக் கட்டை.

பம்பரம்:
ஆமா, இவர்தான் வாக்கர் இழையில "நடைக்கு நல்லது"ன்னு எழுதினவர். எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அளவுகோல்:
பொய். பின்னால நின்னு தள்ளிட்டுப் போற வண்டியைச் சொன்னேன். அதுவும் முன்பக்கம் ரெண்டு மூணு கனமான புத்தகத்தை வச்சு, வண்டி ஓடிப்போகாம பார்த்துக்கணும்னு சொன்னேன். உள்ள உட்கார வைக்கிற வாக்கரை கனடா 2004-லயே தடை பண்ணியாச்சு. படிக்காம பதில் போடுறது உங்களுக்குப் பழக்கம்.

தாழம்பூ:
ஐயா, காந்தம் வச்ச கட்டை வாங்கலாமா? ஒட்டிக்கிட்டு நிக்குதே.

சாணைக்கல்:
ஓடு பிளந்தா காந்தம் வெளிய வரும். ரெண்டு விழுங்கினா குடல் சுவரை நடுவுல வச்சு ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுடும். ஒட்டிக்கிட்டு நின்னா குழந்தை சமநிலையும் கத்துக்காது. மூணு வயசுக்குக் கீழ வேண்டாம்மா.

பம்பரம்:
இப்படித்தான் எல்லாத்தையும் வேண்டாம்னுட்டு 25 மி.மீ. கட்டையை மட்டும் கொடுப்பாங்க. உருண்டைக்கு 44.4 மி.மீ.ன்னு அமெரிக்க விதி கேக்குது, இவருக்கு 25 போதுமாம்.

அளவுகோல்:
அது பந்துக்கு! உருண்டை தொண்டையை முழுசா அடைச்சுக்கும், அதனால தனி அளவு. கட்டைக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாதவரோட என்னத்தப் பேச.

நூல்கண்டு:
அந்த 4 செ.மீ...

பம்பரம்:
25, 31.7-ஐ விடச் சின்னது. அவ்வளவுதான்.

அளவுகோல்:
35.4.